ஆரணியின் கணக்கு யார் கையில்?

ஆரணி என்றால் பட்டு. ஆரணி என்றால் அரிசி. இவ்விரண்டும் நாடறிந்த விஷயங்கள். ஆரணிக்கு மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு. அது தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்குத் தெரியாது. ரைஸ் மில் களத்தில் புழுக்கிய நெல்லைக் கிளறி உலர்த்தும் பெண்ணுக்குத் தெரியாது. சுற்றுப்புறக் கிராமங்களில் நாற்றுப் பறிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் தெரியாது. சமூக விஞ்ஞானம் பயிலும் பெரிய சர்வகலாசாலைகளில் ஆரணி பிரசித்தமான ஊர். ஒரே ஊரை, அதைச் சுற்றியுள்ள அதே கிராமங்களை, பத்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்து கணக்கெடுத்த இடங்கள் இந்தியாவில் வெகு சில. அவற்றில் ஆரணி ஒன்று.

1973 முதல் ஐம்பது வருஷத்துக்கு நெருக்கமான கணக்கு எழுதப்பட்டுக் கிடக்கிறது. எத்தனை கடைகள், எத்தனை மில்கள், எத்தனை தறிகள், யார் முதலாளி, யார் கூலியாள், எந்த ஜாதிக்கு எந்தத் தொழில், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, கடன் யாரிடம் - எல்லாம் அதில் இருக்கின்றன. இந்தக் கணக்குக்குப் பதில் சொன்னவர்கள் ஆரணி மக்கள். வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து விவரம் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் கணக்கு அவர்கள் கையில் இல்லை. அது ஆங்கிலப் புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் புத்தகம் ஒன்றின் விலை ஒரு நெசவாளியின் பல நாள் கூலி.

இந்தக் கணக்கு உழைப்பாளி மக்களின் சொத்து, அது அவர்களுடைய பாஷையில் அவர்களுக்குத் திரும்பி வரவேண்டும், நின்றுபோகாமல் தொடரவேண்டும். இதுவே நாம் இன்று சொல்ல வரும் விஷயம்.

வேர் எங்கே?

1915-ல் சென்னை சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். பாடப் புத்தகத்தில் உள்ள இங்கிலாந்தின் கதையை ஒப்பித்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. மாணவர்களின் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, உங்கள் கிராமத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்பவை கேள்விகள். அந்த அறிக்கைகள் 1918-ல் புத்தகமாயின. இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி ஆகிய தமிழ்க் கிராமங்கள் அதில் இடம்பெற்றன. இவற்றில் தூசி நமக்குப் பக்கத்து ஊர்தான்; காஞ்சிபுரத்துக்குத் தெற்கே செய்யாறு வட்டாரத்தில் இருக்கிறது.

ஸ்லேட்டர் தொடங்கிய காரியத்தின் முழுப் பெருமை அதன் பிறகுதான் தெரிந்தது. 1936-37-ல் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். 1980-களில் எஸ். குகனும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மறுபடி போனார்கள். தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்கு 2008-லும் ஆராய்ச்சியாளர்கள் சென்றார்கள். 1916-ல் அங்கே படியாள் முறை இருந்தது. நிலக்கிழாரின் பிடியில் ஊர் இருந்தது. 2008-ல் படியாள் முறை மறைந்திருந்தது. பெரிய குடும்பத்தின் ஆதிக்கம் தளர்ந்திருந்தது. தலித் மக்கள் ஊருக்கு வெளியேயும் வேலை தேடிக்கொள்ள முடிந்தது. தொண்ணூறு வருஷச் சரித்திரத்தை ஒரே ஊரில் வைத்துப் பார்க்கும்போது, 'காலம் மாறாது, தலைவிதி இது' என்று சொல்லிவந்தவர்களின் வாய் அடைபடுகிறது.

வட ஆர்க்காட்டுக்கு வந்த கேள்வி

ஆரணியின் கணக்கு இந்தப் பரம்பரையில் வந்தது. 1960-களின் கடைசியில் பசுமைப் புரட்சி என்ற பேச்சு எழுந்தது. புதிய நெல் விதை, ரசாயன உரம், மின்சார மோட்டார் - இவை வந்தால் வறுமை தீரும் என்றார்கள். உண்மையா என்று வயலில் இறங்கிப் பார்க்க, 1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையும் சென்னை சர்வகலாசாலையும் கூட்டாக ஒரு ஆராய்ச்சியை நடத்தின. தலைமை வகித்தவர் பி. எச். பார்மர். நஞ்சம்மா சின்னப்பா, ராபர்ட் சேம்பர்ஸ், ஜான் ஹாரிஸ், பார்பரா ஹாரிஸ் முதலியோர் அதில் உழைத்தார்கள். அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவில் சுமார் பன்னிரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். இலங்கையில் ஹம்பந்தோட்டைப் பகுதியையும் எடுத்துக்கொண்டார்கள்.

கடல் கடந்து போய் ஒப்பிடுவானேன் என்று கேட்கலாம். இங்கே மட்டும் பார்த்தால், நடந்ததெல்லாம் புதிய விதையால் நடந்தது என்று தோன்றும். இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்தால் வேறு விஷயம் தெரிகிறது. நெல் ஒன்றுதான், உரம் ஒன்றுதான். ஹம்பந்தோட்டையில் பெரிய நீர்ப்பாசனம் இருந்தது. வயலில் டிராக்டர் இறங்கியது. வட ஆர்க்காட்டில் ஏரியும் கிணறும்தான் கதி. கிணற்றில் மோட்டார் இறங்கியது. ஆக, விதை தானாக எதையும் செய்வதில்லை. நிலம் யாரிடம், தண்ணீர் யாரிடம், பணம் யாரிடம் என்பதைப் பொறுத்து ஒரே விதை இரண்டு விதமான வாழ்க்கையை உண்டாக்குகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒப்பீடு வேண்டும். ஒரே இடத்தில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்றையும் அந்தக் கணக்கு காட்டிற்று. புதிய ரக நெல் எத்தனை ஏக்கரில் பயிராகிறது என்று சர்க்கார் இலாகா ஒரு அளவு சொல்லிவந்தது. வீடுவீடாகப் போய் எடுத்த கணக்கில் அந்தப் பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. மேலதிகாரி இலக்கு நிர்ணயிக்கிறார். கீழே உள்ளவர் இலக்கை எட்டியதாக எழுதி அனுப்புகிறார். காகிதத்தில் பயிர் விளைகிறது. சர்க்கார் புள்ளி விவரத்தைச் சரிபார்க்கச் சுதந்திரமான கணக்கு ஒன்று வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

எந்த வருஷத்தோடு எந்த வருஷம்?

பத்து வருஷம் கழித்து, 1982-லிருந்து 1984 வரை, சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிலையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதே கிராமங்களில் மறுபடி கணக்கெடுத்தன. பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் அதைப் புத்தகமாக 1991-ல் வெளியிட்டார்கள். சிறு விவசாயிகளும், நிலமில்லாத தொழிலாளிகளும்கூடப் பலனடைந்தார்கள் என்பது அவர்கள் முடிவு. உடனே வாதம் கிளம்பியது. விதையால் வந்த பலனா, வேறு காரணத்தால் வந்ததா? பால் மாடு, நெசவு, நகரத்து வேலை, ரேஷன் அரிசி, 1982-ல் விரிவான சத்துணவுத் திட்டம் - இவற்றின் பங்கு என்ன? 1982-83 கடும் வறட்சி வருஷம்; அடுத்த வருஷம் மழை பெய்த வருஷம். இதில் எதை 1973-74-ஓடு சேர்த்து வைப்பது?

இந்த வாதத்தைப் படித்தவர்கள் சண்டை என்று நாம் ஒதுக்கிவிடக்கூடாது. நம் வாசலில் தினமும் நடக்கும் வாதம் இதுதான். கூலி உயர்வு கேட்கும்போது முதலாளி எந்த வருஷத்தை எடுத்துக் காட்டுகிறார்? வியாபாரம் படுத்திருந்த வருஷத்தை. லாபம் கொழித்த வருஷத்தை அவர் எடுப்பதில்லை. ஒப்பிடும் வருஷத்தை யார் தேர்ந்தெடுக்கிறாரோ, அவர் பாதி வழக்கை ஜெயித்துவிடுகிறார்.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காகச் சொல்வது. ஒரு சேலைக்குக் கூலி 1,000 ரூபாய், அரிசி கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேலைக்குக் கிடைப்பது 50 கிலோ அரிசி. சில வருஷம் கழித்துக் கூலி 1,500 ரூபாய் ஆகிறது. அரிசி 40 ரூபாய் ஆகிறது. இப்போது சேலைக்குக் கிடைப்பது 37½ கிலோ. 'ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தேனே' என்பார் முதலாளி. அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அடுப்பில் 12½ கிலோ குறைந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு காலத்துக் கூலியும், இரண்டு காலத்து விலையும் எழுத்தில் இருக்கவேண்டும். ஞாபகத்தை நம்பிப் பேரம் பேசினால் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான்.

தண்ணீரும் கடனும்

1990-களில் மறுபடி வந்தார்கள். பார்பரா ஹாரிஸ்-ஒயிட், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் முதலியோர் ஆரணி அருகே நேசல், விநாயகபுரம், வீரசம்பனூர் ஆகிய மூன்று கிராமங்களை ஆழ்ந்து பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சி 2004-ல் புத்தகமாயிற்று. அதில் கிணற்றின் கதை முக்கியமானது. ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினால் பக்கத்துக் கிணறு வற்றுகிறது. அவரும் ஆழப்படுத்தவேண்டும். ஆழப்படுத்தப் பணம் வேண்டும். பணமில்லாத சிறு விவசாயி கடன் வாங்குகிறார். தண்ணீர் வரவில்லையென்றால் கடன் மட்டும் மிஞ்சுகிறது. பிறகு, ஆழமான கிணறு வைத்திருப்பவரிடம் தண்ணீர் வாங்கிப் பயிர் செய்கிறார், அல்லது பயிரை விட்டுக் கூலிக்குப் போகிறார். நிலம் கைமாறாமலே விவசாயி கூலியாள் ஆகும் வழி இது. 1973-ன் கணக்கை மட்டும் வைத்திருந்தால் மோட்டார் வந்தது முன்னேற்றம் என்று எழுதி முடித்திருப்போம். இருபது வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் கிணற்றின் அடி தெரிகிறது.

ஜான் ஹாரிஸ் 1973-74-ல் ராந்தம் கிராமத்தில் தங்கி, பழைய கேள்வி ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். விவசாயிகள் ஒருபுறம் முதலாளிகளாகவும் மறுபுறம் கூலிகளாகவும் பிரிகிறார்களா என்பது அந்தக் கேள்வி. ரஷ்ய நாட்டைப் பற்றி லெனின் எழுப்பிய கேள்வியும் அதுவே. வட ஆர்க்காட்டில் விஷயம் அவ்வளவு நேராக இல்லை என்று அவர் கண்டார். சிறு விவசாயி அழியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறார். வியாபாரியின் பணமும் வட்டியும் அவரை விடாமல் பிடித்திருக்கின்றன. 1982-ல் வெளிவந்த அவர் புத்தகத்தில் இது இருக்கிறது. நாம் எதிர்பார்த்தபடி இல்லையே என்று இதை ஒதுக்கிவைப்பது மூடத்தனம். கமிஷன் மண்டிக்கும், வட்டிக்கடைக்கும் எதிராகச் சிறு விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் எந்த இடத்தில் ஒன்றாக நிற்க முடியும் என்பதை இந்த உண்மைதான் காட்டுகிறது.

ஊரும் மில்லும் தறியும்

கிராமத்தை மட்டும் பார்த்தால் போதாது, சந்தை ஊரையும் பார்க்கவேண்டும் என்று ஹாரிஸ்-ஒயிட் ஆரணி நகரத்து வியாபாரங்களைக் கணக்கெடுத்தார். 1973, 1983, 1993 ஆகிய வருஷங்களிலும், பிறகு இந்த நூற்றாண்டிலும் இது நடந்தது. நாற்பது வருஷத்து மாறுதல்களைத் தொகுத்த புத்தகம் 2016-ல் வெளிவந்தது. அவர் பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர்.

அந்தக் கணக்கு காட்டும் ஊர் எப்படி இருக்கிறது? குடும்பத்தார் கையில் தொழில்; எழுத்தில் இல்லாத வேலை ஒப்பந்தம்; ஜாதிக்குள் சுற்றிவரும் கடனும் நம்பிக்கையும்; முதலாளிகளுக்குத் தொழில்வாரியாகச் சங்கங்கள்; அந்தச் சங்கங்கள் விலையையும் கூலியையும் பேசி முடிவு செய்வது. தொழிலாளிக்கு மட்டும் சங்கம் கூடாதாம்! சொத்துடைய தொழில்களில் தலித் மக்களுக்கு இடம் வெகு அரிது. மில்லில் மிகக் குறைந்த கூலி பெண்ணுக்கு. நெல் குத்தும் வேலை ஒரு காலத்தில் பெண்களின் ஜீவனோபாயம். இயந்திர மில் வந்தபோது முதலில் வேலை இழந்தவர்கள் அவர்களே. இயந்திரம் வந்ததால் நாட்டுக்கு லாபம் என்று எழுதுகிறவர்கள், யாருடைய உலக்கை கீழே விழுந்தது என்று எழுதுவதில்லை. பழைய கணக்கு இருந்தால்தான் அது தெரியும்.

பட்டுக்கு வருவோம். 1996-ல் கே. நாகராஜ், ஜனகராஜன், டி. ஜெயராஜ், ஹாரிஸ்-ஒயிட் நால்வரும் ஆரணிப் பட்டு நெசவின் சமூக அமைப்பைப் பற்றி ஒரு ஆராய்ச்சியை முன்வைத்தார்கள். பட்டு முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்கிறார், இடையில் மேஸ்திரி நிற்கிறார், நெசவாளி வீட்டில் தறி, மனைவி தார் சுற்றுகிறார், பிள்ளைகள் கைகொடுக்கிறார்கள். கூலி பேசுவது ஒருவருக்கு. உழைப்பது வீடு முழுவதும். இதற்கு நடுவில் முன்பணம். கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய முன்பணம் தீரும்வரை முதலாளியை மாற்ற முடியாது. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. தறியோடு கட்டிய முன்பணக் கயிறு சட்டப் புத்தகத்தில் அறுந்துவிட்டது, தறிக்குழியில் அறுந்ததா?

நெசவு ஊருக்குள்ளேயே நிற்கவில்லை. சுற்றுக் கிராமங்களுக்குப் பரவியது. விவசாயத்தில் பிழைப்புக் குறைந்த குடும்பங்கள் தறி போட்டன. கிராமத்துத் தறியைக் காட்டி நகரத்து நெசவாளியின் கூலியை அமுக்குவதும், நகரத்துக் கூலியைக் காட்டாமல் கிராமத்து நெசவாளியை ஏய்ப்பதும் ஒரே கை செய்யும் இரண்டு வேலைகள். ஆகவே நெசவாளி வேறு, விவசாயத் தொழிலாளி வேறு என்று பிரித்துப் பேசுவது ஆரணியில் பொருந்தாது. பல வீடுகளில் அண்ணன் தறியில், தம்பி வயலில், அக்காள் மில் களத்தில். இந்த மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்துக் காட்டியது இந்த ஆராய்ச்சியின் பெரிய சேவை.

காஞ்சிபுரத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். அங்கேயும் பட்டு, இங்கேயும் பட்டு. காஞ்சியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பெரிய அளவில் வேரூன்றின. ஆரணியிலும் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு என்றாலும், பெரும்பங்கு நெசவு தனி முதலாளிகளின் பிடியில். ஒரு மணி, இரண்டு மணி பஸ் பிரயாண தூரத்தில் இரண்டு ஊர்கள், கைவேலை ஒன்று, அமைப்பு வேறு. அமைப்பு மாறினால் நெசவாளியின் பங்கு மாறுமா, எவ்வளவு மாறும், கூட்டுறவுச் சங்கத்திலும் ஊழல் புகுந்தால் என்ன ஆகும் - இந்தக் கேள்விகளுக்குப் பதில் மேடைப் பேச்சில் கிடைக்காது. இரண்டு ஊர்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

'இதனால் நமக்கு என்ன?'

சிலர் கேட்பார்கள்: 'வெள்ளைக்காரர்களும் படித்தவர்களும் வந்தார்கள், எழுதினார்கள், பட்டம் வாங்கினார்கள், போனார்கள். நம் கூலி ஒரு காசு உயர்ந்ததா?' இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தில் ஆயுதத்தைத் தூக்கி எறியக்கூடாது.

ஏங்கெல்ஸ் மான்செஸ்டர் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்து 1845-ல் புத்தகம் எழுதினார். மார்க்ஸ் 'மூலதனம்' எழுதியபோது இங்கிலாந்து சர்க்காரின் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் எழுதிய அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் பயன்படுத்தினார். அவர்கள் சோஷலிஸ்டுகள் அல்ல. ஆனால் கண்ணால் கண்டதை எழுதியவர்கள். 1880-ல் அவரே பிரெஞ்சுத் தொழிலாளிகளுக்காக நீண்ட கேள்விப் பட்டியலைத் தயாரித்தார். வேலை நேரம் என்ன, கூலி எப்போது கொடுக்கிறார்கள், வீட்டு வாடகை என்ன என்று தொழிலாளியே எழுதி அனுப்பவேண்டும் என்பது அதன் நோக்கம். லெனின் சிறையிலும் சைபீரிய நாடுகடத்தலிலும் இருந்தபடி, ரஷ்ய ஜில்லா சபைகள் வீடுவீடாக எடுத்த விவசாயக் கணக்குகளை அலசி 1899-ல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். உழைப்பாளிகளின் இயக்கம் எந்த நாளும் கணக்கைக் கண்டு பயந்ததில்லை. பயப்படுகிறவர்கள் வேறு.

அதே சமயத்தில் ஆராய்ச்சியாளர்களிடமும் நாம் கேட்கவேண்டியதைக் கேட்கிறோம். விவரம் கொடுத்தவர் என்ன கண்டீர்கள் என்று கேட்க உரிமை உள்ளவரா இல்லையா? முடிவுகளைக் கிராமத்தில் கூட்டம் போட்டுப் படித்துக் காட்டினால் தவறு எங்கே என்று கிராமமே சொல்லும். கிணற்றின் ஆழம் தெரிந்தவர் கிணற்றில் இறங்குகிறவர்தான்.

கணக்கை மறைக்கும் காலம்

இந்த விஷயத்தை இப்போது எழுத அவசரமான காரணம் உண்டு. கணக்கு நின்றுபோகும் அபாயம் வந்திருக்கிறது. 1881 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தொடர்ந்து வந்த ஜனத்தொகைக் கணக்கு, 2021-ல் எடுக்கப்படவில்லை. கொரோனா காரணம் சொல்லப்பட்டது. தொற்று அடங்கிய பிறகும் வருஷங்கள் ஓடின. குடும்பங்கள் என்ன வாங்குகின்றன, என்ன சாப்பிடுகின்றன என்று 2017-18-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கை வெளியிடப்போவதில்லை என்று 2019 நவம்பரில் மத்திய சர்க்கார் அறிவித்தது. பின்னர் 2022-23-ல் வேறு முறையில் கணக்கு எடுத்தார்கள். முறை மாறியதால் 2011-12-ஓடு அதை அப்படியே ஒப்பிட முடியாமல் போயிற்று. வறுமை குறைந்ததா கூடியதா என்று கேட்டால், இரண்டு முழக்கோல்களைக் காட்டுகிறார்கள். ஒன்றின் நீளம் வேறு, மற்றொன்றின் நீளம் வேறு.

கைத்தறிக் கணக்கு 2019-20-ல் எடுக்கப்பட்டது. நாட்டின் நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்குள் வருமானம் பெறுகின்றன என்று அது சொல்லிற்று. அடுத்து நடந்தது என்ன? 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. நோய் என்னவென்று தெரிந்தபின் வைத்தியசாலையை மூடிய கதை இது.

சர்வகலாசாலைகளின் நிலையும் சந்தோஷப்படும்படி இல்லை. பொருளாதாரம், சரித்திரம், சமூகவியல் என்றால் வேலை கிடைக்காத படிப்பு என்று ஏளனம் செய்கிறார்கள். ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஆறு மாதத்தில் அறிக்கை கொடு, பணம் வாங்கு என்ற முறை பெருகிவருகிறது. ஆறு மாத அறிக்கையில் ஸ்லேட்டர் கிராமம் கிடைக்குமா? நேசலின் கிணறு கிடைக்குமா? ஒரு ஊருக்குத் திரும்பிப் போக இருபது வருஷம் காத்திருக்கும் ஆராய்ச்சிக்குப் பொறுமையும் பொதுப் பணமும் வேண்டும். கம்பெனியின் பணத்தில் அது நடக்காது. பத்து வருஷத்துக்கு முன் கூலி என்ன என்று கேட்பதில் கம்பெனிக்கு என்ன லாபம்?

நாம் கோருவது

இந்நிலையில் நாம் வற்புறுத்தும் கோரிக்கைகள் இவை:

ஒன்று: ஆரணியையும் சுற்றுக் கிராமங்களையும் பற்றிய ஆராய்ச்சி நூல்களைத் தமிழக சர்க்கார் எளிய தமிழில் மலிவுப் பதிப்பாக வெளியிடவேண்டும். ஆரணி நூலகத்திலும் சம்பந்தப்பட்ட கிராம நூலகங்களிலும் பிரதிகள் வைக்கவேண்டும்.

இரண்டு: 1973-ல் தொடங்கிய கணக்கை நம் மாநில சர்வகலாசாலைகள் ஏற்றுத் தொடரவேண்டும். வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆரணியின் பிள்ளைகளே தங்கள் ஊரின் கணக்கை எடுக்கட்டும். அவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கட்டும். நெசவாளி வீட்டுப் பெண் கேள்வி கேட்டால், நெசவாளிப் பெண் தார் சுற்றும் நேரத்தையும் வேலை நேரத்தில் சேர்ப்பாள்.

மூன்று: எடுத்த கணக்கின் முடிவுகளை, விவரம் கொடுத்த கிராமத்தில் பகிரங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டவேண்டும். தனி மனிதர்களின் பெயர் வெளிவராமல் பாதுகாக்கவேண்டும். கடன்காரனுக்குத் துப்புக் கொடுக்கும் புத்தகம் நமக்கு வேண்டாம்.

நான்கு: பொதுப் பணத்தில் எடுத்த எந்தக் கணக்கையும் மறைக்கக்கூடாது. கணக்கெடுக்கும் முறையை மாற்றினால், பழைய முறையிலும் சேர்த்து எடுத்து, ஒப்பிட வழி வைக்கவேண்டும்.

நம் கையில் இருப்பது

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருந்தால் நம் தாடி நரைத்துவிடும். நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு நெசவாளர் சங்கமும், மில் தொழிலாளர் சங்கமும், விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரு நோட்டுப் புத்தகம் போடவேண்டும். மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், நான்கு விஷயங்களை எழுதினால் போதும்: ஒரு சேலைக்கு, ஒரு நாள் வேலைக்கு, ஒரு மூட்டைக்குக் கூலி என்ன, அரிசி, பருப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய் அல்லது காஸ் விலை என்ன, மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, முன்பணம், கடன், வட்டி எவ்வளவு. ஆண் கூலியைத் தனியாக, பெண் கூலியைத் தனியாக எழுதவேண்டும். காஞ்சியில் உள்ள தோழர்கள் அங்கே எழுதட்டும். ஆரணியில் உள்ளவர்கள் இங்கே எழுதட்டும். வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்துப் படிக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் இருந்தால் இது நடக்கும்.

கணக்குப் பிள்ளையின் பேரேட்டை முதலாளி பெட்டியில் பூட்டி வைக்கிறார். சர்க்காரின் கணக்கு கோப்புக்குள் தூங்குகிறது. சர்வகலாசாலையின் கணக்கு ஆங்கிலத்தில் அலமாரியில் நிற்கிறது. அந்த மூன்றிலும் எழுதப்பட்டிருப்பது நம் உழைப்பு. அதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. அத்துடன் நம்முடைய நான்காவது கணக்கையும் நாம் எழுதத் தொடங்கவேண்டும். அடுத்த கூலிப் பேச்சு வார்த்தையில் நம் பிரதிநிதி வெறுங்கையோடு உட்காரக்கூடாது. வருகிற மாதம் முதல் தேதியிலேயே ஒவ்வொரு சங்கமும் நோட்டைத் திறக்கட்டும்.